ரெண்டாவது கியர் நிக்காது, தம்பி!

பழைய வண்டியில் இருக்கும் குறைக்கு எல்லா ஊரிலும் ஒரே எடை கிடையாது.

பெரியகுளம் கடைவீதியில் ஓடும் ஒரு ஜீப்பில் இரண்டாவது கியர் நிற்காமல் நழுவினால், ஓட்டுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அதே ஜீப் அடுக்கத்திலிருந்து கும்பக்கரை நோக்கி ஆறு மூட்டை மிளகோடு இறங்கும்போது கியர் நழுவினால், மறுபடி போட நேரம் இருக்குமா இருக்காதா என்பதை அடுத்த வளைவுதான் முடிவு செய்யும்.

மலையில் வண்டி ஓட்டிப் பழகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வரக் கூடாது. மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முதல் பாடம். சின்ன கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். அந்த நேரத்தில் கியர் தானாக விடுபட்டு நியூட்ரலுக்கு வந்துவிட்டால், பிடித்துக்கொண்டிருந்த கையைத் திடீரென்று விட்டதுபோல வண்டி உருளத் தொடங்கும்.

எங்கள் ஜீப்புக்கு வந்தது இந்தக் குறைதான். அந்த ஜீப்பை விற்க வேண்டிய நேரமும் வந்தது.

எங்கள் அடுக்கம், திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் தாலுகாவில் இருக்கிறது. ஆனால் காய்கறி, மருந்து, கல்யாணத் துணி என்று எதற்கும் கீழே தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்குத்தான் இறங்குவோம். கும்பக்கரை அருவிப் பக்கம் தொடங்கி, எங்கள் ஊர் வழியாக ஏறி, பெருமாள்மலை அருகே கொடைக்கானல் சாலையில் போய்ச் சேர்கிற குறுகலான மலைப்பாதை இது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இப்படிப்பட்ட பாதையில் ஒரு வண்டி என்பது வசதி இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி.

ஜீப் 1998 மாடல். 2004-ல் இரண்டாம் கையாக வாங்கினோம். காப்பிக்கொட்டை, எலுமிச்சை, வாழைத்தார் எல்லாம் அதில்தான் இறங்கின. என் மகள் பிறந்த நாலாவது நாள் வீட்டுக்கு வந்ததும் அதில்தான். 2013-ல் 15 வருடம் முடிந்தது. அதன்பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்து வந்தோம். கடைசியாக 2023-ல் புதுப்பித்தபோது கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 600 ரூபாயாக இருந்தது. பழைய வண்டியை வைத்திருக்காதே என்று அரசாங்கம் மெதுவாகச் சொல்லும் விதம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. போன வருடம் விற்க முடிவு செய்தபோது ஜீப்பில் நாலு குறை இருந்தது. ஒன்று, இரண்டாவது கியர். இரண்டு, மழைக்காலத்தில் சரிந்து கிடந்த பாறையில் ஏறி இறங்கியதில் இடது பின்சக்கரப் பக்கம் சேஸிஸ் விரிசல் விட்டு, அதை வெல்டிங் வைத்திருந்தோம். மூன்று, ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்காது. நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். நாலு, மேல் தார்ப்பாய் கிழிந்து ஒழுகும். மற்றபடி இன்ஜின் தங்கம். காலையில் ஒரே சாவியில் உயிர் வரும். ஓடுகிற வண்டிதான்.

முதலில் வந்தவர் கீழேயிருந்து ஒரு புரோக்கர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். என் கணவர் கியரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்ததும் கையமர்த்தினார்.

"அண்ணே, குறையெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் பாக்காத வண்டியா? ஒண்ணு நாப்பது தர்றேன். டிங்கரிங் பாத்து, பெயின்ட் அடிச்சு, நான் தள்ளிக்குவேன்."

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தர வேண்டும். "பேர நான் போட்டுக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அன்று ராத்திரி வீட்டில் பேச்சு இதுதான்.

"அவருக்குத் தெரியுது, தெரிஞ்சுதான் வாங்குறாரு. நாம யாரம்மா ஏமாத்துறோம்?" என்றார் இவர்.

நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால், புரோக்கர் வாங்கி எங்கே கொண்டுபோவார்? அந்த ஜீப்பை யார் வாங்குவார்? சமவெளியில் இப்போது இந்த மாதிரி ஜீப்பை வாங்குகிறவர்கள் குறைவு. பெயின்ட் அடித்துப் பளபளவென்று அது மறுபடியும் ஏதோ ஒரு மலைக்குத்தான் ஏறப்போகிறது. கீழ்மலையில் ஒரு தோட்டக்காரர், மேல்மலையில் ஒரு பூண்டு விவசாயி, இல்லையென்றால் எங்கள் பாதையிலேயே ஒருவர். அவரிடம் யாரும் இரண்டாவது கியரைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

"கேட்டா சொல்லுவாருல்ல?" என்றார் இவர்.

அந்த வாரம் விடுதியிலிருந்து என் மகள் வந்திருந்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. வணிகச் சட்டம் அவளுக்கு ஒரு பாடம். "அப்பா கேக்குறது எங்க புக்லயே இருக்கு" என்று எடுத்து வந்தாள்.

1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு எது மோசடி என்று சொல்கிறது. விளக்குவதற்கு ஒரு குதிரைக் கதையையே உதாரணமாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாதாம். சும்மா இருப்பது மட்டுமே மோசடி இல்லை என்பது சட்டம்.

"பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் இவர்.

"இருங்கப்பா, முடியல" என்றாள் மகள். அடுத்த உதாரணம்: அதே குதிரை, அதே ஆள். வாங்குவது அவருடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். இப்போது அவர் சொல்லியே ஆக வேண்டும். இருவருக்கும் உள்ள உறவே அந்தக் கடமையை உண்டாக்கிவிடுகிறதாம். அதற்கடுத்த உதாரணம் இன்னும் நுட்பமானது. வாங்குகிறவர், "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு விற்கிறவரின் மௌனம் பேச்சுக்குச் சமம்.

எங்கள் மலைக்குக் குதிரை புதிதில்லை. நெடுங்காலம் சாலை இல்லாமல் இருந்த வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசி மூட்டை ஏறியதும், காப்பி மூட்டை இறங்கியதும் குதிரை முதுகில்தான். குதிரையைச் சமதரையில் நடக்கவிட்டுப் பார்த்தால் எல்லாமே நல்ல குதிரைதான். சுமை ஏற்றிச் சரிவில் இறக்கும்போதுதான் எந்தக் கால் தடுமாறும் என்று தெரியும். எங்கள் ஜீப்பும் அப்படித்தான். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் கியர் நழுவவே நழுவாது. பாரத்தோடு இறக்கத்தில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதுதான் நழுவும். 'வாங்குகிறவனுக்குக் கண் இல்லையா, பார்த்து வாங்கட்டும்' என்று சொல்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைக்குத்தான் பொருந்தும். தார்ப்பாய் கிழிசல் கண்ணுக்குத் தெரியும். கியர் தெரியாது.

"என்கிட்ட வித்தா சொல்லுவீங்கதானே?" என்று மகள் கேட்டாள். இவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

இந்த விஷயத்தை வைத்து ஒருவர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார். ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பு மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: பழைய காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டியும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைத்து விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகள்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட மோசமான வண்டிக்கு அமெரிக்காவில் பெயர் 'எலுமிச்சை'. நாம் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி நல்லபடி ஓடட்டும் என்று கும்பிடுகிறோம். அங்கே வண்டியே எலுமிச்சை!

அவர் சொல்வதை எங்கள் பாஷையில் சொன்னால், ஒருவர் மறைத்து விற்பதன் விலையை நேர்மையாக விற்கிற அடுத்தவரும் சேர்ந்து கொடுக்கிறார். நாங்கள் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பாததற்கு, எங்களுக்கு முன்னால் பொய் சொன்னவர்கள்தான் காரணம். அமெரிக்காவில் 1985 முதல் ஒரு விதி இருக்கிறது. பழைய கார் விற்கும் டீலர்கள் வண்டியின் ஜன்னலில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். உத்தரவாதம் உண்டா, இல்லை இருக்கிற நிலையிலேயே விற்கிறார்களா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள் எனக்குப் பிடித்தது.

புரோக்கரை வேண்டாம் என்று சொல்ல வைத்தது மனசாட்சி மட்டுமில்லை, அந்த வெற்றுக் கையெழுத்தும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் வண்டியை விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் எழுதாத படிவம் கை மாறிக்கொண்டே போனால், ஆர்.சி.யில் எங்கள் பெயர்தான் இருக்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அப்படி ஒரு வழக்கு முடிந்தது. ஒரு கார் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் கார் மோதி ஒருவர் இறந்துபோனார். ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று தீர்ப்பானது. விற்றுப் பணத்தைச் செலவழித்து, வண்டியையே மறந்துபோனவருக்கு வந்த தீர்ப்பு அது.

மகள் இதை வாசித்துக் காட்டிய பிறகு இவர் வேறு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலையில் புரோக்கருக்குப் போன் போட்டு, "வேண்டாங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சொந்தத் தோட்டத்துக் காப்பியையும் மிளகையும் இறக்க வண்டி வேண்டும், அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்றான். இன்ஜினைக் கேட்டான், டயரைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, எனக்கு வண்டியப் பத்தி ரொம்பத் தெரியாது. ஏதாச்சும் இருந்தா நீங்களே சொல்லிருங்க. சொல்லலைனா ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்குறேன்."

புத்தகத்தில் இருந்த அந்த மூன்றாவது உதாரணம், அப்படியே எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

"ரெண்டாவது கியர் நிக்காது, தம்பி" என்றேன்.

சொன்னால் மட்டும் போதாது என்று இவருக்குத் தோன்றியது. பின்னால் நாலு மூட்டை ஏற்றி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இறக்கமாக இருந்தாலும் எதிரே ஏற்றம் வருகிற ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாவது கியரில் இறக்கிக் காட்டினார். 'டக்' என்று நெம்புகோல் பின்னுக்கு வந்து விழுந்ததும் பையன் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டானாம். திரும்பி வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் டீ கொடுத்தேன்.

பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நாலு குறையையும் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரே, அது எங்கே வெளிப்படும் என்பதையும் எழுதினேன். 'இரண்டாவது கியர்: பாரத்தோடு இறக்கத்தில் நழுவும். சரிசெய்யும்வரை பாரம் ஏற்ற வேண்டாம். சேஸிஸ்: இடது பின்பக்கம் வெல்டிங். மழைக்காலம் முடிந்ததும் பார்க்கவும். ஹேண்ட் பிரேக்: சரிவில் பிடிக்காது. கல் வைக்கவும். தார்ப்பாய்: ஒழுகும்.' மெக்கானிக்கிடம் கேட்டுத் தோராயச் செலவையும் பக்கத்தில் போட்டேன்.

நேர்மையாகச் சொன்னால் வாங்குகிறவர் நெகிழ்ந்துபோய்க் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார் என்று கதையில்தான் வரும். பையன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே எங்களோடு பேரம் பேசினான். "அக்கா, கியர் பாக்ஸுக்கு நீங்களே இவ்வளவு போட்டிருக்கீங்க, சேஸிஸ் வேற இருக்கு" என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் குறைத்தான். நான் எழுதிய தாள், என்னையே மடக்கியது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு முடிந்தது. புரோக்கர் சொன்னதற்கு 28,000 ரூபாய் குறைவு. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. மகளின் விடுதிக் கட்டணத்தில் ஒரு பெரும்பகுதி.

அந்த 28,000-க்கு என்ன கிடைத்தது என்று இவர் இரண்டு நாள் கழித்துக் கேட்டார். கோபமாக இல்லை, கணக்காகத்தான். யோசித்துப் பார்த்தேன். பையன் தோட்டத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன்பு, வெறும் வண்டியாக வத்தலக்குண்டுக்கு இறக்கி கியர் பாக்ஸைப் பிரித்தான். பல் தேய்ந்துபோயிருந்ததாம். மாற்றிய பிறகுதான் மூட்டை ஏற்றினான். சொல்லாமல் விற்றிருந்தால், அந்தத் தேய்ந்த பல்லை முதலில் கண்டுபிடிப்பது மெக்கானிக்காக இருந்திருக்காது. ஏதோ ஒரு வளைவாக இருந்திருக்கும். பக்கத்தில் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்திருக்கலாம். "இதுதாங்க கிடைச்சுது" என்றேன். இவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் 28,000-ஐ மறந்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

விற்கப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சில விஷயங்கள்தான். குறைகளைத் தாளில் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். நாளைக்கு 'நீங்க சொல்லவே இல்ல' என்று ஒரு பேச்சு வந்தாலும் தாள் பேசும். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குறையை மட்டும் எழுதாமல், அது எப்போது, எங்கே தெரியும் என்பதையும் எழுதுங்கள். நல்லதையும் எழுதலாம், தப்பில்லை. நாலு குறையைச் சொன்னவர் 'இன்ஜின் நன்றாக இருக்கிறது' என்றால் அதை நம்புவார்கள். பையனும் நம்பினான். வண்டியை ஒப்படைக்கும்போது தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். 29, 30 படிவங்களில் பெயர் எழுதாமல் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்ஷூரன்ஸையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஞாபகப்படுத்துங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கும் உண்டு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை பாடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கலாம். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால், அதற்குக் கீழே துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். எந்தப் பாதையில் வண்டி ஓடப்போகிறதோ அந்த மாதிரிப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, அந்தப் பையன் கேட்டதுபோலக் கேட்டுவிடுங்கள்: 'நீங்க சொல்லலைனா ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்குறேன்.' அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்கும் சுலபமில்லை.

போன மாதம் பெருமாள்மலையில் அவனைப் பார்த்தோம். ஜீப்புக்குப் புதுத் தார்ப்பாய் போட்டிருந்தான். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை. பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தான். கண்ணாடி ஓரமாக, பாலிதீன் உறைக்குள் என் கையெழுத்தில் அந்த நோட்டுத் தாள் இருந்தது. முதல் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டிருந்தான். மற்ற மூன்றில் தார்ப்பாயையும் அடித்திருந்தான்.

"இன்னும் ரெண்டு பாக்கி, அக்கா" என்றான்.